ரெண்டு சைஸ் பெரிசா ஒரு ஜோடி

குல்ஷன் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்குக் குடி வந்தபோது நான் போட்ட கண்டிஷன்கள் மொத்தம் ஐந்து. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மோட்டாரைக் காலையில் ஒரு தடவைதான் போட வேண்டும். மொட்டை மாடியில் எதைக் காயப்போட்டாலும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும். ஐந்தாவது, வீட்டில் வியாபாரம் எதுவும் நடத்தக் கூடாது. முதல் நாலையும் அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபது வருஷமாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும். என் கணவர் ஞானையா இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறார். “யூனிஸ், மெதுவா” என்று சொல்வதற்காகவே ஆண்டவர் அவரை எனக்குக் கொடுத்தார் என்று சர்ச்சில் கேலி செய்வார்கள். எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. மாடியில் நாங்கள் இருவரும் ஒரே பையன் ஷெர்வினும். கீழே வாடகைக்கு.

குல்ஷன் குடும்பம் 2004 ஜூனில் வந்தது. அவள் கணவர் ஹாஜா மைதீன் ஏசி மெக்கானிக். சிறுசேரிப் பக்கம் கம்பெனிகள் வர வர, அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரே மகள் கைனாத், ஒன்பது வயது, ஷெர்வினுக்கு ஒரு மாதம் மூத்தவள். வந்த மூன்றாவது வாரமே அந்தப் பெண்ணை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறுகளில் அதன் கார் நிறுத்தும் சிமெண்ட் தளத்தில் தேவானந்தம் மாஸ்டர் காலை ஆறரைக்கு வகுப்பு எடுப்பார். சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு முப்பது பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வரும். “எனக்கும் வேணும்மா” என்று ஷெர்வின் கேட்டான். “முதல்ல பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பி” என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

குல்ஷனின் கடை ஒரு ரப்பர் துண்டில் தொடங்கியது. ஸ்கேட்டின் முன்பக்கம் நிறுத்துவதற்கு ஒரு ரப்பர் இருக்கும், ஸ்டாப்பர் என்பார்கள். கைனாத்தின் ஸ்டாப்பர் இரண்டே மாதத்தில் தேய்ந்து போனது. குல்ஷன் தாம்பரம் மார்க்கெட் முழுக்க அலைந்தாள். கிரிக்கெட் மட்டை கிடைத்தது, கேரம் காய் கிடைத்தது, ஸ்டாப்பர் என்று கேட்டால் சைக்கிள் பிரேக் கட்டையை எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரல் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகளில் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். கட்டைவிரல் அளவு ரப்பருக்கு ஒரு முழு நாள் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை மற்ற அம்மாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அடுத்த தபா போறப்ப எனக்கும் ரெண்டு வாங்கியாந்துடு குல்ஷன்.”

“எங்க பையனோடது பேரிங் கடகடன்னு சத்தம் போடுது. அதுவும் கிடைக்குமா பாரு.”

அவளும் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். போகப் போகச் சீட்டு நீண்டது. ரெண்டு மாதத்தில் அவர்கள் வீட்டு முன்ரூமிலிருந்து சோபா உள்ளே போய், ஒரு இரும்பு ரேக் வந்து நின்றது.

எனக்கு இது தெரிந்தது என் மல்லிகைத் தொட்டியால். தண்ணீர் ஊற்றப் போனேன், மண்ணில் ஏழெட்டு இரும்புக் குண்டுகள் மின்னின. பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

“இது என்ன குல்ஷன்?”

“பேரிங் குண்டு டீச்சர். காலைலேர்ந்து தேடறேன். குடுங்க.”

“நான் கேட்டது அந்த ரேக்கை.”

அவள் ரேக்கைத் திரும்பிப் பார்த்தாள், அது அங்கே இருப்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்த மாதிரி. “பிள்ளைங்க சாமான் டீச்சர். கடைன்னெல்லாம் இல்ல. தெரிஞ்சவங்களுக்கு எடுத்துக் குடுக்கறேன்.”

மேடவாக்கத்திலிருந்தும் பம்மலிலிருந்தும் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் எல்லாம் இவளுக்கு எப்படித் தெரிந்தவர்கள் ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத்தான் அவள் பிரியாணி கொடுத்து அனுப்பியிருந்தாள். வயிறு நிறைந்திருக்கும்போது எனக்குக் கோபம் சரியாக வருவதில்லை.

போர்டு மட்டும் வைக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதன் பலனை நானே அனுபவித்தேன். போர்டு இல்லாததால் வருகிறவர்கள் எல்லாம் நேராக மாடியேறி என் காலிங் பெல்லை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, கண்ணை மூடுவேன். பெல் அடிக்கும். “மேடம், ஸ்கேட் கடை இதானே?” கீழே என்று கையைக் காட்டுவேன். படுப்பேன். மறுபடி பெல். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நானே ஒரு அட்டையில் அம்புக்குறி வரைந்து கேட்டில் கட்டினேன்.

“அப்ப போர்டு வெச்சாச்சு” என்றார் ஞானையா.

“அது போர்டு இல்ல, அம்பு” என்றேன்.

அவளுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. வருகிற பிள்ளைகள் போர்ட்டிகோவில் ஓட்டிப் பார்ப்பார்கள், மொசைக்கில் கறுப்புக் கோடு விழும். நான் பார்ப்பதற்குள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முட்டி போட்டுத் துடைப்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான் ஆள் வரும். மீரட்டில் இருக்கும் சரக்குக்காரர் போனில் ஹிந்தியில் பொரிந்து தள்ளுவார். இவள் ஹிந்தி எண்களை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நம்பர் சொல்லுவாள். வருகிறவர்கள் முன்ரூமில் உட்கார்ந்து, ஃபேன் போடச் சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்து, எல்லா ஷூவையும் இறக்க வைத்துப் பார்த்துவிட்டு, “வூட்ல கேட்டுகினு வரேன்” என்று போவார்கள். வீடுதானே என்று பேரம் வேறு. இத்தனைக்கும் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த ரேக்கின் முன்னால் நிற்கும்போது அவளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும்.

முதல் பெரிய ஆர்டரில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். 2005 கோடை விடுமுறை வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் புது ஸ்கேட் வேண்டியிருந்தது. மீரட்டிலிருந்து நேராக வரவழைத்துத் தருகிறேன் என்று தைரியமாக ஒப்புக்கொண்டாள். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டை மண்டபத்துத் தரையில் விரித்து, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். அது வரைக்கும் சரி. கோடு போட்டு முடித்ததும் ஒவ்வொரு அம்மாவும் குனிந்து அவள் காதில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்: “வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா போட்டுடு.” குல்ஷனும் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். கைனாத் பாதம் ஒன்றாம் நம்பர். அவளுக்கும் மூன்று என்று எழுதினாள்.

நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஷெர்வினுக்கு நான் வாங்கிய எந்த யூனிஃபார்ம் டிரவுசரும் முதல் வருஷம் அவன் இடுப்பில் நின்றதில்லை. ஊக்கு குத்தி அனுப்புவேன். இரண்டாம் வருஷம்தான் அளவாக இருக்கும், மூன்றாம் வருஷம் கிழியும். எங்கள் பக்கத்தில் எந்த அம்மாவும் பிள்ளையின் இன்றைய அளவுக்கு எதையும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

சரக்கு வந்தது. அந்த சனிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளும் புது ஸ்கேட்டோடு இறங்கினார்கள். விரல் பக்கம் பஞ்சு, குதிகால் பக்கம் நியூஸ் பேப்பர், ரெண்டு ரெண்டு சாக்ஸ். பத்து நிமிஷத்தில் ஏழு பேர் விழுந்தார்கள். கைனாத் நன்றாக ஓட்டுகிறவள். வளைவில் வேகமாகத் திரும்பினாள், ஷூ திரும்பியது, உள்ளே பாதம் திரும்பவில்லை. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது.

தேவானந்தம் மாஸ்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார். “இந்த ஷூவோட ஒருத்தரும் என் கிரவுண்டுக்குள்ள வரக் கூடாது” என்றார்.

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பெட்டியும் எங்கள் போர்ட்டிகோவுக்குத் திரும்பி வந்துவிட்டன. நாங்கதான் பெரிசா கேட்டோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. குல்ஷனும் அதை எடுத்துப் பேசவில்லை. கைனாத் கட்டோடு படுத்திருக்க, இவள் ஒவ்வொரு பெட்டியாக வாங்கி அடுக்கினாள். அதைப் பார்த்து எனக்கே நெஞ்சு கனத்தது. கடையை மூடிவிடுவாள் என்று நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் மூடவில்லை. மீரட்காரர் சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றதும், இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். பல்லாவரம், கீழ்க்கட்டளை, வேளச்சேரி, குன்றத்தூர் என்று எங்கெல்லாம் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கிறதோ அங்கெல்லாம் போய் வாசலில் நின்றாள். பிள்ளைக்குச் சின்னதாகிப் போன ஸ்கேட் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று அம்மாக்களிடம் கேட்டாள். கிடந்தது. எல்லார் வீட்டிலும் ஒரு ஜோடி தூசி பிடித்துக் கிடந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஹாஜா வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ஏசி பார்ட்ஸைக் கழுவுகிற மாதிரியே அவற்றைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, சக்கரம் மாற்றிக் கொடுத்தார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் காலுக்குச் சரியான ஒரு பழைய ஜோடி கிடைத்தது.

புதுப் பெட்டிகள் ரேக்கின் மேல் தட்டுக்குப் போயின. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரால் பிள்ளையின் பெயர், கால் அந்த அளவுக்கு வரப்போகிற வருஷம். ‘இர்ஃபான் 2006’. ‘ஜெனி 2007’. ‘கைனாத் 2007’. அந்த வருஷம் வந்து கால் வளர்ந்ததும், பழையதைக் கொடுத்துவிட்டுத் தன் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த பழசு இன்னொரு சின்னப் பிள்ளைக்குப் போகும். அப்புறம் புதிதாக வந்தவர்களுக்கும் அதே வழக்கம் ஆகிவிட்டது. வருகிற பிள்ளை முதலில் பிரவுன் ஷீட்டில் ஏற வேண்டும். கோட்டுக்கு மேல் அரை விரல் இடம், அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது. யார் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும், பெரிய சைஸ் தர மாட்டாள்.

யார் கேட்டாலும் என்பதில் நானும் சேர்த்தி என்பது எனக்கு 2006 டிசம்பரில்தான் தெரிந்தது.

ஷெர்வின் இரண்டு வருஷமாக மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு கீழே ஓட்டிப் பார்க்கும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அரைப் பரீட்சைக்குக் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கினான். சரி, கிறிஸ்மஸுக்கு வாங்கித் தரலாம் என்று முடிவு செய்து, அவனையும் அழைத்துக்கொண்டு கீழே போனேன். என் மனசில் இது பெரிய உபகாரம். கண்டிஷனை மீறிக் கடை நடத்துகிறவளிடம், வீட்டுக்காரியே வந்து சாமான் வாங்குகிறாள்.

குல்ஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “உக்காருங்க டீச்சர். ஷெர்வின், காலை வைடா” என்றாள். கோடு போட்டாள், ஸ்கேலால் அளந்தாள். “ரெண்டாம் நம்பர். புதுசே இருக்கு.”

“நாலு குடு” என்றேன்.

“நாலு அவனுக்கு ஆகாது டீச்சர்.”

“ஆகற வரைக்கும் ரெண்டு சாக்ஸ் போட்டுக்குவான். வளர்ற பிள்ளை.”

“வளரட்டும். வளர்ந்ததும் இதைக் குடுத்துட்டு அடுத்ததை எடுத்துக்கங்க. நானே மாத்தித் தரேன்.”

“இன்னொரு பிள்ளை போட்டுக் கழிச்சதையா? என் பையனுக்கா?”

“இப்ப தரது புதுசுதான் டீச்சர்.”

“நாலாம் நம்பர் புதுசு அதோ மேல இருக்கு. பேர் எழுதாத பெட்டி. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“இருக்கு” என்றாள். “ஆனா தர மாட்டேன்.”

சத்தமே போடாமல்தான் சொன்னாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் என் பையன் நிற்கிறான்.

“யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரியும் டீச்சர். வீட்டுக்காரங்க. அதுக்காக ஷெர்வின் கையை உடைச்சுக்கணுமா?”

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. சொன்னதன் சாரம் இதுதான்: பிப்ரவரியோடு பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிகிறது. முன்ரூம் காலியாகி, ரேக்கும் பெட்டிகளும் வெளியே போனால்தான் புது அக்ரிமெண்ட். இல்லையென்றால் வீட்டையே காலி செய்யலாம். குல்ஷன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “சரிங்க டீச்சர்” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அது எனக்குக் கேட்டது. கேட்டும் மாடியேறி வந்துவிட்டேன்.

“யூனிஸ், மெதுவா” என்றார் ஞானையா.

“நீங்க பேசாதீங்க.”

“நான் எங்க பேசினேன்” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

முன்ரூம் போனால் அவளுடைய கடை போனதுதான். தனிக்கடை எடுக்க அவர்களுக்கு வழியில்லை. வேறு வீடு பார்த்தாலும், வீட்டுக்குள் சக்கரம் உருட்ட எந்த ஓனர் சம்மதிப்பார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினேன். “நாலா மேடம், அஞ்சா?” என்று கேட்டார் அந்தக் கடைக்காரர். யாருக்கு, என்ன வயசு, பாதம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நம்பரைக் கட்டிக் கொடுத்தார். ஜெயித்த மாதிரி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

கிறிஸ்மஸ் அன்று ஷெர்வின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சர்ச்சுக்கே வருவேன் என்றான். ஜனவரியில் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தான். தை மாதம் முழுக்க மண்டபத்தில் முகூர்த்தம் இருந்ததால், பிப்ரவரி நடுவில்தான் மாஸ்டர் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தார். அதற்குள் குல்ஷன் கடையைக் குறைக்க ஆரம்பித்திருந்தாள். புது ஆர்டர் போடவில்லை. என்னைப் பார்த்தால் “சாப்டீங்களா டீச்சர்” என்று எப்போதும்போலக் கேட்பாள். நான்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவேன்.

முதல் வகுப்புக்கு நானே ஷெர்வினை அழைத்துப் போனேன். வாசலில் மாஸ்டர் எங்கள் பக்கம் வருவதற்குள் ஷூவுக்குள் பஞ்சைத் திணித்து லேஸை இறுக்கிக் கட்டினேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓட, என் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒரு அடி வைப்பான், நிற்பான், குனிந்து ஷூவைப் பார்ப்பான். ஓட்டிப் பார் என்று கையைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “நல்லா இருக்கும்மா” என்றான். என் மனசு வருத்தப்படக் கூடாது என்று அந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று அப்போது எனக்கு விளங்கியது. மாடியில் ஒரு மாதமாக இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

குல்ஷன் அந்தப் பக்கம் உட்கார்ந்து யாருடைய சக்கரத்தையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஷெர்வினைத்தான் பார்த்தாள். எழுந்தாள். நடுவில் ஓடிக்கொண்டிருந்த கைனாத்தைக் கைதட்டி அழைத்து, அவள் காலிலிருந்த ஸ்கேட்டைக் கழற்றினாள். கைனாத் அப்போது ரெண்டாம் நம்பர். அந்த ஜோடியை எடுத்துக்கொண்டு போய் என் பையன் முன்னால் முட்டி போட்டாள். லேஸை அவிழ்த்து, பஞ்சை உருவி ஓரமாக வைத்து, அவன் காலில் இதை மாட்டிக் கட்டினாள். “போ” என்று முதுகில் தட்டினாள்.

ஷெர்வின் போனான். முதல் சுற்று கையை விரித்துக்கொண்டு. இரண்டாம் சுற்றில் வேகம் வந்தது. மூன்றாம் சுற்றில் நான் நிற்கும் இடத்தைக் கடந்தபோது என்னைப் பார்க்கவே மறந்துவிட்டான். கைனாத் வெறும் சாக்ஸோடு படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ஒரு மணி நேரம் என் பையனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லையே என்று கோபமாகவும் இருந்தது. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் போனது. போர்டு வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியும், காலி பண்ணு என்று சொல்லத் தெரியும். தப்பு என்னுடையது என்று சொல்ல இருபது வருஷத்தில் பழக்கமில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு, புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கீழே கதவு திறந்திருந்தது. ஹாஜா லீவு போட்டுவிட்டு ரேக்கைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். தரையில் அட்டைப்பெட்டிகள். பெயர் எழுதிய பெட்டிகளில் மிச்சமிருந்தவற்றை மடியில் வைத்துக்கொண்டு, குல்ஷன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். “கால் இன்னும் வரலதான் அக்கா. இருந்தாலும் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. வைக்க இடமில்ல.” அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

மாடிக்கு ஓடினேன். மேஜை மேல் ஞானையா புது அக்ரிமெண்டை டைப் அடித்து வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கண்டிஷன் நாலுதான் இருந்தது.

“அஞ்சாவது எங்க?”

“டைப்பிஸ்ட் விட்டுட்டான் போல” என்றார், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அதில் கையெழுத்துப் போட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த நாலாம் நம்பர் பெட்டியை இழுத்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

ஹாஜா என்னைப் பார்த்ததும், “இன்னும் ஒரு மணி நேரம் டீச்சரம்மா. ஒண்ணும் பேஜார் இல்ல, ரூமைக் கழுவியே வுட்டுர்றோம்” என்றார்.

நான் பெட்டியைக் குல்ஷன் முன்னால் வைத்தேன். “இது மேல பேர் எழுது.”

“யார் பேர் டீச்சர்?”

“ஷெர்வின். நாலாம் நம்பர். இவனுக்கு இப்ப ஆகாது. எப்ப ஆகும்?”

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறவள் அவள். பிரவுன் ஷீட் கட்டைப் பிரித்து, ஷெர்வின் பாதக் கோட்டைத் தேடி எடுத்து, விரலால் அளந்தாள்.

“ரெண்டு வருஷம் ஆகும் டீச்சர்.”

“அப்ப 2009ன்னு போட்டு மேல் தட்டுல வை. மாடில வெச்சா எலி கடிச்சிடும். அந்தப் புது ரெண்டாம் நம்பர் இருந்ததே, அதை எடு. விலையைக் குறைக்காதே.”

ஹாஜா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். குல்ஷன் மார்க்கரைத் திறந்தாள், எழுதவில்லை. கண் நிறைந்துவிட்டது. நான் குரலை உயர்த்தி, “எழுதேன், எனக்கு நோட்டு திருத்தற வேலை இருக்கு” என்றேன்.

எழுதினாள். ‘ஷெர்வின் 2009’. நான் அக்ரிமெண்டை அந்தப் பெட்டி மேல் வைத்தேன். அவள் அதைப் படித்தாள். கண்டிஷன்களை விரல் வைத்து எண்ணினாள். கடைசி வரிக்குப் போய், பயந்த குரலில் கேட்டாள்.

“பதினோரு மாசம்தானே போட்டிருக்கு டீச்சர். 2009 வர அதுக்கும் மேல ஆகுமே.”

“திரும்ப எழுதிக்கலாம்.”

“2009க்கு அப்புறம்?”

“அப்புறமும் அவன் கால் வளரும்ல” என்றேன்.